பொங்கிப்போன தேன் சாஷே: மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு தயாரிப்பு தோற்றுப்போன கதை

மார்த்தாண்டம் பக்கம் ஒரு சிறிய தேன் நிறுவனம். பல வருடமாகப் பாட்டில் தேன் விற்றுவந்த குடும்பம். அடுத்த தலைமுறை பொறுப்புக்கு வந்ததும் பத்து கிராம் தேனைச் சாஷேயில் அடைத்து ஐந்து ரூபாய்க்கு விற்க முடிவெடுத்தார்கள். மார்ச்சில் கடைக்கு வந்த அந்தச் சாஷே அதே வருடம் ஓணத்துக்கு முன்பே கடையை விட்டுப் போய்விட்டது. கடன் கொடுத்த வங்கி விளக்கம் கேட்டது. பணம் போட்ட உறவினர்களும் கேட்டார்கள். நடந்ததை விசாரித்து எழுதித் தரும் வேலை எனக்கு வந்தது. ஆள் அடையாளம் தெரியக்கூடிய பகுதிகளை எடுத்துவிட்டு, உணவுப் பொருள் தயாரிக்கிற மற்றவர்களுக்குப் பயன்படும் என்று தோன்றியதை மட்டும் இங்கே தருகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்தத் தேன் புளித்துப் பொங்கும் என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயம். தேனீப் பெட்டி வைத்த பெரியவருக்குத் தெரியும். சோதனை அறையில் இருந்த பெண்ணுக்குத் தெரியும். மெஷின் ஓட்டிய பையனுக்கும் பாதி தெரியும். இவர்களில் ஒருவருக்கும் சரக்கை நிறுத்தும் அதிகாரம் இல்லை. அதிகாரம் இருந்தவர் கையில் ஒரு தேதி மட்டும் இருந்தது.

யோசனை மோசமில்லை

குமரி மாவட்டத்தில் தேன் புதிய தொழில் கிடையாது. மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ. கிராம மையத்தில் 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் தொடங்கிவைத்த வேலைகளில் பெட்டியில் தேனீ வளர்ப்பதும் ஒன்று. 1937இல் தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 1990களின் தொடக்கத்தில் தாய் (தாய்லாந்து) சாக்புரூட் என்ற வைரஸ் நோய் வந்து புழுக்களைக் கொன்று கூட்டங்களை அழித்தபோது பலர் பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டார்கள். அப்புறம் மெல்ல மெல்ல மீண்டது. இன்றும் அருமனை, குலசேகரம், திருவட்டாறு, பேச்சிப்பாறை வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் மரத்துக்கு மரம் நடுவே குச்சி நட்டு வைத்த பெட்டிகளைப் பார்க்கலாம்.

ஆனால் இங்கே எடுக்கிற தேனில் பெரும்பகுதி கேனில் மொத்தமாக வெளியூர் போகிறது. அங்கே லேபிள் ஒட்டுகிறவருக்குத்தான் லாபம். நம் ஊர்த் தேனை நம் பெயரிலேயே, ஐந்து ரூபாய் கையில் இருக்கிற ஆள்கூட வாங்கும்படி கொடுத்தால் என்ன என்று இளைய முதலாளி யோசித்தார். தோசைக்கும் சப்பாத்திக்கும் தொட்டுக்கொள்ள, பள்ளிக்கூட டிஃபினில் வைக்க, கன்னியாகுமரிக்கு வரும் சுற்றுலாப் பயணி நாலு வாங்கிப் பையில் போட்டுக்கொள்ள. எனக்கும் இது நல்ல யோசனையாகவே பட்டது, இப்போதும் படுகிறது. தோல்வி ஆய்வு எழுதுகிறவர்கள் பலரும் கடைசியில் யோசனையையே குற்றம் சொல்லி முடித்துவிடுவார்கள். இங்கே அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. முதல் மூன்று வாரம் சாஷே நன்றாகவே போயிருக்கிறது.

சோதித்தது ஒரு தேன், விற்றது இன்னொன்று

இந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் வந்த எல்லாம் இதிலிருந்துதான்.

ரப்பர் மரம் டிசம்பர், ஜனவரியில் இலை உதிர்த்துவிட்டுப் புதுத் துளிர் விடும். பூவைவிட அந்தத் துளிரில்தான் தேனீக்குத் தீனி. மூன்று இலைகள் காம்பில் சேருகிற இடத்தில் சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன; இனிப்புச் சாறு அதில் ஊறும். தேனீ கொண்டுவரும்போது அதில் பெரும்பகுதி தண்ணீர். கூட்டுக்குள் வைத்து, சிறகால் விசிறி விசிறித் தண்ணீரை வற்றவிட்டு, பதம் வந்த பிறகு மெழுகால் அறையை மூடும். பெட்டிக்குள் இருக்கும் மரச்சட்டத்தில் முக்கால் பங்காவது மூடியிருந்தால் எடுக்கலாம் என்பது பெட்டி வைக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. மூடாத தேனடையை இயந்திரத்தில் சுற்றி எடுத்தால் கிடைப்பது தண்ணீர்த் தேன்.

தண்ணீர் ஏன் பெரிய விஷயம்? தேனில் எப்போதும் ஈஸ்ட் இருக்கும். சர்க்கரை அடர்த்தியாக இருக்கும்வரை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் அது வேலையைத் தொடங்கும். சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை விடும். பாட்டிலில் என்றால் மூடி திறக்கும்போது ‘புஸ்’ என்று ஒரு சத்தம், மேலே கொஞ்சம் நுரை, லேசான புளிப்பு. வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நாலு பக்கமும் ஒட்டிய சாஷேயில் அந்த வாயு எங்கே போகும்?

நிறுவனம் ஒத்திகை பார்த்தது அக்டோபரில். கையில் இருந்தது முந்தைய சீசனின் கடைசி எடுப்பு. ஏப்ரலில் நன்றாக மூடிய அடையிலிருந்து எடுத்த கெட்டித் தேன். ஈரம் அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் கருவியில் 19 சதவீதம். அதை அடைத்து, அலமாரியில் மூன்று மாதம் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றுமே ஆகவில்லை. ‘சோதனை வெற்றி’ என்று கோப்பில் குறிப்பு இருக்கிறது. எந்தத் தேன், எப்போது எடுத்தது, ஈரம் எவ்வளவு என்று அந்தக் குறிப்பில் ஒரு வரிகூட இல்லை. ஈர அளவை வேறொரு நோட்டிலிருந்து நான்தான் தேடி எடுத்தேன்.

அறிமுகத்துக்கு அடைத்தது பிப்ரவரியின் முதல் எடுப்பு.

ஏன் அவ்வளவு அவசரம் என்று கேட்டபோது இரண்டு பதில் கிடைத்தது. மெஷினுக்கு வாங்கிய கடனுக்குத் தவணை ஏப்ரலில் தொடங்குகிறது. ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட் குழுமம் மார்ச் நடுவில் சரக்கு வந்தால் பள்ளி திறக்கும் ஜூனுக்குள் எல்லாக் கிளைக்கும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறது. இரண்டும் உண்மையான காரணங்கள்தான். ஆனால் தேதியைக் குறித்த கூட்டத்தில் வங்கிக்கணக்கு பார்ப்பவர் இருந்தார், விற்பனையாள் இருந்தார், டிசைன் செய்தவர்கூட இருந்தார். தேன் எடுக்கிற ஆள் ஒருவரும் இல்லை. ரப்பர் தோட்டம் எந்த மாதம் என்ன தரும் என்பது இந்த மாவட்டத்தில் ரகசியம் கிடையாது. ஒரு போன் போட்டிருந்தால் போதும்.

கிலோவுக்கு இவ்வளவு

அடுத்தது கொள்முதல். என் பார்வையில் நிர்வாகத் தவறுகளிலேயே பெரியது இதுதான்.

சீக்கிரம் சரக்கு வேண்டும் என்பதால் நிறுவனம் முன்பணம் கொடுத்தது. பிப்ரவரி முடிவதற்குள் கொண்டுவருபவருக்குக் கிலோவுக்குக் கூடுதல் விலை. எடை மட்டுமே கணக்கு, ஈரத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. பத்து நாள் பொறுத்து, அடை மூடிய பிறகு எடுத்தால் எடை குறையும், கூடுதல் விலையும் கைவிட்டுப் போகும். அவசரப்பட்டு எடுத்தால் இரண்டும் கிடைக்கும். அதாவது தேனில் கலந்திருக்கிற தண்ணீருக்கும் தேன் விலை, மேற்கொண்டு ஒரு பரிசும். நிறுவனத்தில் இப்போதும் சிலர் “ஆளுக ஏமாத்திட்டாங்க” என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விலை எதற்குக் கொடுக்கப்பட்டதோ அதைத்தான் அவர்கள் கொண்டுவந்தார்கள்.

அதிலும் ஒருவர் சொல்லிப் பார்த்திருக்கிறார். குலசேகரம் பக்கத்துப் பெரியவர். முதலாளியின் அப்பா காலத்திலிருந்தே தேன் கொடுப்பவர். கேனை இறக்கிவைத்துவிட்டு, “தம்பி, அடை இன்னும் மூடல்ல. நீங்க கேட்டதுனால எடுத்துக் கொண்டு வந்திருக்கேன். இத பாட்டில்ல அடைச்சா பொங்கும், பாத்துக்கிடுங்க” என்று சொன்னதாக அவரும் சொன்னார், அப்போது கூட நின்ற எடை போடுகிற பையனும் சொன்னான். முதலாளி சிரித்துக்கொண்டே, “பாட்டில்ல அடைக்கல அண்ணாச்சி, சாஷேயில அடைக்கப் போறோம்” என்றாராம். விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிட்டது. பெரியவர் சொன்னதை எழுதிவைக்க ஒரு நோட்டுகூட அங்கே கிடையாது.

நோட்டு இருந்த இடத்தில் என்ன நடந்தது என்றும் பார்க்கலாம். சோதனை அறையில் இருந்தது ஒரே பெண். படிப்பு முடித்து வந்த முதல் வேலை. ஒவ்வொரு கேனிலும் ஒரு சொட்டு எடுத்து, கண்ணாடியில் வைத்து, வெளிச்சத்தில் பார்த்து எழுதியிருக்கிறார். 22.5, 23, 24, மறுபடியும் 23. பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ‘அதிகம்’ என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார். மேலாளரிடம் கேட்டதற்கு, “அக்மார்க்ல 25 வரைக்கும் உண்டே” என்று பதில் வந்திருக்கிறது. அக்மார்க் என்பது விவசாயப் பொருளுக்கு அரசு தரும் தரமுத்திரை. அதில் தேனுக்கு ஈர அளவை வைத்து மூன்று தரம்: ஸ்பெஷலுக்கு 20, ஏ தரத்துக்கு 22, ஸ்டாண்டர்டுக்கு 25. மேலாளர் அதைத்தான் நினைவில் வைத்துப் பேசியிருக்கிறார். ஆனால் உணவுப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ இப்போது தேனுக்குப் பொதுவாக வைத்திருக்கும் உச்ச வரம்பு 20. விதி மாறியதை ஒருவரும் கவனிக்கவில்லை. அந்தப் பெண்ணுக்குக் கேனைத் திருப்பி அனுப்பும் உரிமையும் கிடையாது. அளப்பது மட்டுமே அவர் வேலை.

மெஷின், படம், மற்றவை

மெஷினும் பாவம் இல்லாததில்லை. ஒத்திகையில் கெட்டித் தேன் நூல் இழுத்து, சாஷேயின் வாயில் ஒட்டி, சீல் சரியாக விழவில்லை. அதற்காகத் தொட்டியில் ஹீட்டர் வைத்துத் தேனை இளக்கினார்கள். புதுத் தேன் தானாகவே நீர்த்துத்தான் இருந்தது, ஹீட்டர் தேவையே இல்லை. ஆனாலும் பழைய அளவிலேயே ஓடியது. இளகிய தேன் சொட்டி மறுபடியும் சீல் நனைந்தது. அதனால் சில சாஷேக்கள் கசிந்தன. வேடிக்கை என்னவென்றால், கசிந்த சாஷே உப்பவில்லை. வாயு வெளியே போக வழி இருந்தது. அதனால் ஆரம்பத்தில் வந்த புகார்களைப் பார்த்து, பிரச்சினை கசிவில்தான் என்று நினைத்து, சீலை இன்னும் இறுக்கினார்கள். அப்புறம் உப்புவது கூடியது.

அடைக்கும் அறையில் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்த ஏற்பாடு எதுவும் இல்லை. தேன் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். கடற்கரை மாவட்டத்தில் தொட்டியைத் திறந்து போட்டால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அட்டைப்படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தவழும் குழந்தை ஒன்று தேன் விரலைச் சப்புகிற படம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. பாட்டுலிசம் என்ற கடுமையான நோய் வரலாம் என்பதால் குழந்தை மருத்துவர்கள் எல்லோரும் சொல்வது. நாகர்கோவிலில் ஒரு மருந்துக்கடைக்காரர் இதைக் காட்டி, சாஷே எடுக்கவே மறுத்திருக்கிறார். பிறந்த குழந்தையின் நாக்கில் இனிப்பைத் தொட்டுச் சேனை வைக்கும் பழக்கம் இன்னும் விட்டுப்போகாத ஊரில் இந்தப் படத்தை எப்படி ஒருவரும் கேள்வி கேட்காமல் விட்டார்கள் என்பது எனக்கு இன்னும் புரியவில்லை. அச்சடித்த ரோல் மிச்சம் இருந்ததால் படம் கடைசிவரை மாறவில்லை.

கடையில் நடந்தது

ஏப்ரல் வெயில். தக்கலையில் ஒரு மளிகைக்கடை, வாசலில் மேற்கு வெயில் விழுகிற இடத்தில், ஷாம்பு சரத்துக்குப் பக்கத்தில் தேன் சரமும் தொங்கியிருக்கிறது. இரண்டு வாரத்தில் சாஷே ஒவ்வொன்றும் பூரி மாதிரி உப்பிவிட்டது. கடைக்காரர் சரத்தைக் கழற்றிக் காட்டியபோது ஒன்று அவர் கையிலேயே வெடித்து, கல்லாவில் இருந்த கணக்கு நோட்டெல்லாம் பிசுக்கு. புளித்த வாடை வேறு. அவர் கோபப்படவில்லை, சிரித்தார். ஆனால் அடுத்த வாரம் வந்த விற்பனையாளிடம் பழைய சரக்கை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்.

வெயிலில் வைத்தால் கெடுகிறது என்று சிலர் கூல்டிரிங்க்ஸ் பிரிட்ஜில் வைத்தார்கள். அங்கே வேறு வினை. ரப்பர்த் தேன் சீக்கிரம் உறையும் ரகம். குளிரில் இன்னும் வேகமாக உறையும். குளுக்கோஸ் மணிமணியாகப் பிரிந்து அடியில் நிற்க, மேலே நிற்கும் திரவத்தில் ஈரம் இன்னும் கூடிவிடும். நல்ல தேனும் உறையும் என்பது வாங்குகிறவருக்குத் தெரியாது. சாஷேயைப் பிழிந்தால் முதலில் தண்ணீராக ஏதோ வருகிறது, பின்னால் மணலாக ஏதோ வருகிறது. “சீனிப்பாகு” என்று பேர் விழுந்துவிட்டது. சாஷேயின் பின்பக்கம் ‘குளிரில் உறைவது இயல்பு, பிரிட்ஜில் வைக்க வேண்டாம்’ என்று ஒரு வரி போட்டிருந்தால் பாதிப் பேர் நம்பியிருப்பார்கள். அந்த இடத்தில் ஒரு சமையல் குறிப்பு போட்டிருந்தார்கள்.

இவ்வளவு நடந்தும் நிறுவனத்துக்கு ஏன் மே கடைசிவரை உறைக்கவில்லை? கணக்கு முறைதான் காரணம். கம்பெனியிலிருந்து ஸ்டாக்கிஸ்டுக்குப் போன சரக்கை விற்றுவிட்டதாகப் பதிந்தார்கள். ஸ்டாக்கிஸ்டிடமிருந்து கடைக்கு எவ்வளவு போனது, கடையிலிருந்து வீட்டுக்கு எவ்வளவு போனது என்று பார்க்கவே இல்லை. ஏப்ரல் கணக்கில் விற்பனை ஏறிக்கொண்டே போகிறது. குடோனில் உப்பிய சாஷே ஏறிக்கொண்டே போவது அந்தத் தாளில் தெரியாது. விற்பனையாளுக்கும் அனுப்பிய சரக்குக்குத்தான் கமிஷன். திரும்பி வருவதற்குப் பிடித்தம் இல்லை. கடைக்காரர்கள் சொன்ன புகாரை அவர் மேலே சொல்லாமல் இருந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

அவசர மருந்து

ஜூனில் விஷயம் வெளியே வந்தது. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். ‘ஈஸ்ட்தானே, கொன்றுவிடலாம்’ என்று முடிவெடுத்து, மிச்சமிருந்த தேன் முழுவதையும் பெரிய பாத்திரத்தில் மணிக்கணக்கில் சூடாக்கினார்கள். முறையாகச் செய்வது என்றால் 60 டிகிரி செல்சியஸ் அளவில் கொஞ்ச நேரம் சூடாக்கி உடனே ஆறவைக்க வேண்டும். அதோடு வெற்றிடத்தில் ஈரத்தையும் இறக்க வேண்டும். இங்கே வெப்பமானிகூட வைக்கவில்லை. ஈஸ்ட் செத்தது. ஈரம் கிட்டத்தட்ட அப்படியே நின்றது. கூடவே எச்எம்எஃப் என்கிற பொருள் ஏறியது. தேன் அதிகம் சூடானால், நாள்பட்டால், உள்ளே உருவாகும் பொருள் அது. கிலோவுக்கு 80 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. நிறம் கருத்துவிட்டது, ரப்பர்த் தேனுக்கு இருக்கிற லேசான மணமும் போய்விட்டது.

சூப்பர் மார்க்கெட் குழுமம் தன் செலவில் சோதித்துப் பார்த்துவிட்டு மொத்தச் சரக்கையும் திருப்பியது. காரணம் எச்எம்எஃப், ஈரம் இரண்டுமே. உப்பிய சாஷேயால் கெட்ட பெயரைவிட இந்த ஒரு தாள்தான் நிறுவனத்தை முடித்தது.

இது மார்த்தாண்டத்துக்கு மட்டும் உரிய புத்தியில்லை. 2016 ஆகஸ்ட்டில் சாம்சங் வெளியிட்ட கேலக்ஸி நோட் 7 போன் பலர் கையில் தீப்பிடித்தது. செப்டம்பர் தொடக்கத்தில் திரும்பப் பெற்று, வேறொரு நிறுவனத்தின் பேட்டரி போட்ட போன்களை மாற்றிக் கொடுத்தார்கள். அவையும் எரிந்தன. அக்டோபர் 11இல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். 2017 ஜனவரியில் வெளியான விளக்கம் படிக்க வேண்டியது. முதல் பேட்டரியில், உறைக்குள் போதிய இடமில்லாமல் மேல் மூலையில் எதிர்முனைத் தகடு வளைந்திருந்தது. இரண்டாவதில் பற்றவைத்த இடத்தில் முனை துருத்தியிருந்தது. சிலவற்றில் காப்பு டேப்பே இல்லை. முதல் தவறும் இரண்டாவது தவறும் வெவ்வேறு. அவ்வளவு ஆய்வகங்களும் பணமும் உள்ள நிறுவனத்திலேயே, முதல் குறையின் வேரைப் பிடிக்கும் முன் மாற்றுச் சரக்கு கடைக்குப் போய்விட்டது. தேன் நிறுவனத்திலும் அதே வரிசை: முதல் குறை ஈரம், மருந்தாகக் கொடுத்தது சூடு, இரண்டாவது குறை அந்தச் சூட்டிலிருந்தே பிறந்தது.

எது செய்திருந்தால் பிழைத்திருக்கும்

முதலாளி என்னிடம் கேட்ட கேள்வி இது, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். அறிமுகத்தை ஒரு மாதம் தள்ளி, மூடிய அடையிலிருந்து எடுத்த தேனை மட்டும் அடைத்திருந்தால் உப்பியிருக்காது. தவணையை ஒரு மாதம் தள்ள வங்கியிடம் கேட்டீர்களா என்றேன். கேட்கவில்லை. சூப்பர் மார்க்கெட்காரர்களிடம் ஏப்ரல் நடுவில் தரலாமா என்று கேட்டீர்களா என்றேன். அதுவும் இல்லை. மார்ச் நடு என்பது அவர்கள் விரும்பிக் கேட்ட தேதி, அதற்குப் பிறகு எடுக்க மாட்டோம் என்று அவர்கள் எங்கேயும் சொல்லவில்லை, கடிதத்தைப் படித்தேன். விருப்பத்தைக் கெடுவாக எடுத்துக்கொண்டது நிறுவனம்தான்.

இரண்டாவது, எந்த அளவுக்கு மேல் போனால் யார் நிறுத்துவது என்று எழுதிவைத்திருக்க வேண்டும். சோதனை அறைப் பெண்ணின் கையெழுத்து இல்லாமல் கேன் உள்ளே போகக்கூடாது என்ற ஒரு விதி போதும். அதற்குச் செலவு இல்லை. அந்த விதி இருந்திருந்தால், தவறான அளவை நினைவில் வைத்துப் பேசிய மேலாளருக்கும் விதிப் புத்தகத்தைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியம் வந்திருக்கும்.

மெஷினை மாற்றியிருந்தால் சரியாகியிருக்குமா என்பதில் எங்களுக்குள் இன்னும் ஒத்துப்போகவில்லை. முதலாளி மெஷின்தான் காரணம் என்கிறார், விற்றவர் மீது வழக்குப் போடுவதாகவும் சொன்னார். சீல் மோசம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதைவிட நல்ல மெஷினில் அதே பிப்ரவரித் தேனை அடைத்திருந்தால் இன்னும் நன்றாக உப்பியிருக்கும்.

சாஷே மெஷினை ஊறுகாய் போடுகிற ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். நிறுவனம் மறுபடியும் பாட்டிலுக்கு வந்துவிட்டது. அடுத்த சீசனில் கொள்முதல் மேசையில் ரிஃப்ராக்டோமீட்டர் வந்தது. இப்போது ஈரம் 20க்குள் இருந்தால் முழு விலை. 22 வரை விலையைக் குறைத்து, வெற்றிடத்தில் ஈரம் இறக்கித் தருகிற இடத்துக்கு அனுப்புகிறார்கள். அதற்கு மேல் என்றால் கேனைத் திருப்பி ஏற்றச் சொல்கிறார்கள். முதல் வாரத்தில் சண்டை வந்தது. பல வருடம் கொடுத்துவந்த சிலர் வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள். குலசேகரத்துப் பெரியவர் போகவில்லை. மார்ச் பாதிக்குப் பிறகுதான் முதல் கேனைக் கொண்டுவந்தார், 19.5.